வலது கப், இடது மரை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஒரு நண்பர் ரோபோவைப் பற்றி எழுதுவதாகச் சொன்னார். இன்னொருவர் மின்சாரக் கார். "நீ எதைப் பத்திடா?" என்று என்னைக் கேட்டார்கள். "சைக்கிள்ல பாட்டம் பிராக்கெட் மாத்துறதைப் பத்தி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மெக்கானிக்கல் படித்தும் எனக்குத் தெரியாமல் போன ஒரு சங்கதி, பெடல்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஒன்றேகால் அங்குலச் சொச்ச ஓட்டைக்குள் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் சைக்கிள்

எங்கள் அப்பா வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். விடியற்காலை நாலரை மணிக்கு, கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேனை மாட்டிக்கொண்டு கிளம்புவார். 38 வீடு முடித்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்புவார். வண்டி பழைய கறுப்பு சைக்கிள். என்னைவிட அதற்கு வயது அதிகம். அந்த சைக்கிள் ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும் என்று சொன்னால் அது வெறும் பேச்சுக்குச் சொல்வது அல்ல.

போன தை மாதம் அந்த வண்டியில் ஒரு சத்தம் கிளம்பியது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு 'கடக்'. கிராங்க்கைப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் ஆடியது. "ஞாயித்துக்கிழமை பாய் கடைல விட்டுரணும்" என்றார் அப்பா.

"எதுக்குப்பா காசைக் கொடுக்கணும்? நான் மெக்கானிக்கல்தானே படிக்கிறேன். நானே பிரிச்சு மாட்டித் தர்றேன்."

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி, செய்யி" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் பிறகு நடந்தது அதிகமாக வலித்தது.

பாட்டம் பிராக்கெட் என்பது என்ன?

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சைக்கிள் சட்டத்தில் சீட் குழாயும் கீழ்க் குழாயும் வந்து சேருகிற இடத்தில் குறுக்காக ஒரு குட்டைக் குழாய் இருக்கும். அதன் உள்ளே இரண்டு ஓரத்திலும் மரை வெட்டியிருப்பார்கள். வலப்பக்கம், அதாவது செயின் பக்கம், ஒரு கப். இடப்பக்கம் ஒரு கப். இரண்டுக்கும் நடுவே அச்சு. அச்சுக்கும் கப்புக்கும் இடையில் பால்ரஸ் குண்டுகள். அச்சின் இரண்டு முனையிலும் கிராங்க். கிராங்க்கை அச்சோடு பிடித்து நிறுத்துவது காட்டர் பின் என்கிற, ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கிய இரும்பு முளை. இவ்வளவுதான் மொத்தச் சாமான்.

வலது கப்பைக் கடைசிவரை இறுக்கிவிடுவார்கள், அது அசையாது. இடது கப்பைத் தேவையான அளவுக்குத் திருகி, ஒரு லாக் ரிங் போட்டு நிறுத்துவார்கள். ஆட்டம் பார்ப்பதெல்லாம் இடது கப்பில்தான்.

சின்னச் சாமானாக இருந்தாலும் அதன் மேல் வருகிற சுமை சின்னதல்ல. நாம் படித்ததை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மேட்டில் ஏறும்போது ஒரே பெடல் மேல் எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசை சுமார் 590 நியூட்டன். கிராங்க்கின் நீளம் ஆறரை அங்குலம், அதாவது 165 மி.மீ. ஆக, முறுக்கு விசை சுமார் 97 நியூட்டன் மீட்டர். முன் பல்சக்கரத்தில் 48 பல். செயினின் பிட்ச் அரை அங்குலம் (12.7 மி.மீ.). அப்படியானால் சக்கரத்தின் ஆரம் சுமார் 97 மி.மீ. 97ஐ 0.097ஆல் வகுத்தால் செயினின் இழுவிசை சுமார் 1000 நியூட்டன்! அறுபது கிலோ ஆள் மிதித்தால் செயினில் நூறு கிலோ இழுவை. மிதிக்கிற சுமையும் செயின் இழுக்கிற சுமையும் சேர்ந்து அந்தச் சின்ன குண்டுகள் மேல்தான் வந்து இறங்குகின்றன. அப்பா எத்தனை வருடம் மிதித்திருக்கிறார்! கப்பில் குழி விழாமல் என்ன செய்யும்?

நான் செய்த மூன்று தப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வாசலில் வண்டியைத் தலைகீழாகப் போட்டேன். தம்பி உதவிக்கு வந்தான். தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

முதல் தப்பு, காட்டர் பின்னில். நட்டை முழுவதும் கழற்றிவிட்டு, கிராங்க்கின் அடியில் எந்த அண்டையும் கொடுக்காமல், சுத்தியலால் ஓங்கி அடித்தேன். பின்னின் முனை காளான் மாதிரி விரிந்தது, மரையும் போயிற்று. அதைவிட மோசம், அடித்த ஒவ்வொரு அடியும் அச்சு வழியாக குண்டுக்கும், குண்டு வழியாகக் கப்புக்கும் போயிருக்கிறது. நாம் லேப்பில் பிரினெல் கடினச் சோதனை செய்கிறோமே, 10 மி.மீ. குண்டை 3000 கிலோ பாரத்தில் இரும்பில் அழுத்தி, விழும் பள்ளத்தை அளக்கிறோமே, அதேதான் இது. நான் அப்பாவின் சைக்கிளிலேயே பிரினெல் சோதனை நடத்திக்கொண்டிருந்தேன்! அந்தக் கப் எப்படியும் மாற்ற வேண்டியது என்பதால் பிழைத்தேன். நல்ல கப்பாக இருந்திருந்தால் என் கையாலேயே கெடுத்திருப்பேன்.

இரண்டாவது தப்பு, அடியில் ஒரு துணிகூட விரிக்காதது. இடது கப் எளிதாகக் கழன்றது. கழன்ற வேகத்தில் குண்டுகள் மண்ணில் உருண்டன. பொறுக்கியதில் 19 கிடைத்தன. மொத்தம் எத்தனை இருந்தன என்று எனக்குத் தெரியாது; எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் அதுவரை தோன்றவில்லை.

மூன்றாவது தப்புதான் பெரிய தப்பு. வலது கப்பின் உள்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. கழற்றியே ஆக வேண்டும். கழற்ற வேண்டுமானால் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும், குழாய் மூடி முதல் ஜாம் பாட்டில் வரை அப்படித்தானே! திருப்பினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்து மறுபடி திருப்பினேன். அசையவில்லை. ஸ்பானரின் கைப்பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் சொருகி, நானும் தம்பியும் சேர்ந்து தொங்கினோம். "இன்னும் கொஞ்சம் போடுடா" என்றேன். 'சரக்' என்று ஸ்பானர் வழுக்கியது. கப்பின் பட்டை இரண்டும் மழுங்கிவிட்டன. என் விரல் முட்டியில் தோல் போய்விட்டது. கப் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மாலை ஆறு மணி. பாய் கடைக்கு ஞாயிறு மதியத்துக்கு மேல் விடுமுறை. வண்டி வாசலில் பிணம் மாதிரி கிடந்தது.

திங்கட்கிழமை

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. கிராங்க்கும் பெடலும் இல்லாத வண்டியில் கேனை மாட்டி, நாலு மணிக்கே தள்ளிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே போனேன். 38 வீடும் நடைதான். கடைசித் தெருவுக்குப் போகும்போது மணி எட்டேகால். அந்தத் தெருவில் இரண்டு வீட்டில், "பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணுமில்லண்ணே, பாக்கெட் பால் வாங்கிட்டோம்" என்றார்கள். அப்பா சிரித்தபடியே "பரவால்லம்மா" என்றார். அந்த இரண்டு வீடும் அதன் பிறகு எங்களிடம் பால் வாங்கவே இல்லை.

38 இப்போது 36. இதுதான் நான் கொடுத்த விலை என்று சொன்னேனே, அது. நான் கொடுத்த விலை என்பதுகூடத் தப்பு, கொடுத்தவர் அப்பா.

பாய் கடையில்

பாய் கடைக்கு போர்டு கிடையாது. வேப்ப மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. வண்டியைப் பார்த்ததும் பாய் கப்பின் மழுங்கிய பட்டையை விரலால் தடவினார்.

"எந்தப் பக்கம் திருப்புன தம்பி?"

"கழட்டுற பக்கம்தான் பாய்."

"கழட்டுற பக்கம்னா?"

கையால் காட்டினேன். பாய் சிரிக்கவில்லை. "அது இறுக்குற பக்கம். ரைட் சைடு கப்பு லெஃப்ட் மரை தம்பி. நீயும் உன் தம்பியும் சேர்ந்து நேத்துப் பூரா இறுக்கிட்டு இருந்திருக்கீங்க."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இடது கை மரை பற்றி நான் படிக்காதவன் அல்ல. பரீட்சையில் படம் போட்டிருக்கிறேன். டர்ன் பக்கிளில் ஒரு பக்கம் வலம்புரி, மறுபக்கம் இடம்புரி என்று எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் தினம் ஏறிப் போகிற வண்டியிலேயே ஒன்று இருக்கிறது என்று தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, அதை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

பட்டை மழுங்கிய கப்பை எப்படிக் கழற்றுவது? ஸ்பானர் பிடிக்காதே! பாய் ஒரு தடித்த போல்ட்டை எடுத்தார். அதில் ஒரு கனமான வாஷரைப் போட்டு, இடப்பக்க ஓட்டை வழியாக உள்ளே விட்டு, வலது கப்பின் நடு ஓட்டையில் வெளியே நீட்டினார். வெளியே இன்னொரு வாஷர், ஒரு நட்டு. உள்ளே போல்ட்டின் தலையை பாக்ஸ் ஸ்பானரால் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நட்டை நன்றாக இறுக்கினார். கப் இப்போது இரண்டு வாஷருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. "இப்ப உள்ள விட்டுரு" என்றார். விட்டேன். அவர் அதே நட்டை அதே பக்கமாக, கடிகார முள் சுற்றும் திசையில், இன்னும் ஒரு அழுத்து அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். கப் போல்ட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டது!

யோசித்துப் பாருங்கள். நட்டு வலது மரை. கப் இடது மரை. நட்டை இறுக்குகிற திசைதான் கப்பைக் கழற்றுகிற திசை. நட்டு இறுக இறுக, கப் கழன்றுதான் ஆக வேண்டும். நானும் தம்பியும் குழாய் போட்டுத் தொங்கிய வேலையை, அறுபது வயதைத் தாண்டியவர் ஒற்றைக் கையால் செய்தார்.

ஏன் இடது மரை?

"எதுக்கு பாய் இப்படி மாத்தி வச்சிருக்கான்?" என்று கேட்டேன்.

"மிதிக்க மிதிக்க அது இறுகணும்ல தம்பி. இல்லேன்னா தானா கழண்டு வந்துரும்."

வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கு ஒரு சந்தேகம். வலப்பக்கம் நின்று பார்த்தால் அச்சு கடிகார முள் திசையில் சுற்றுகிறது. அது கப்பையும் இழுத்துக்கொண்டு போனால் அதே திசையில்தான் இழுக்கும். இடது மரை உள்ள கப் அந்தத் திசையில் திரும்பினால் கழல வேண்டும், இறுகக் கூடாது. அப்படியானால் பாய் சொன்னது தப்பா?

மறுநாள் ஒர்க்‌ஷாப் சாரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பென்சிலைக் கொடுத்து, "கையைத் தளர்வா மூடி இதை உள்ளே பிடி. மேல் முனையைக் கடிகார முள் திசையில் வட்டமா சுத்து" என்றார். சுற்றினேன். நண்பர்களே, நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். பென்சிலின் முனை ஒரு திசையில் வட்டம் போடும். பென்சிலோ தன்னைத்தானே மெதுவாக எதிர்த் திசையில் சுழலும்!

காரணம் இதுதான். பெரிய ஓட்டைக்குள் சற்றுச் சிறிய உருளை இருக்கிறது. அதை அழுத்துகிற விசை ஓட்டையின் சுவரைச் சுற்றி வலம் வந்தால், உருளை சுவரில் உருண்டுகொண்டே போகும். வலமாகச் சுற்றிவரும் உருளை தன்னளவில் இடமாகத்தான் உருள முடியும். உள்பற்சக்கரத்துக்குள் சிறிய பல்சக்கரம் ஓடுவதைப் படித்திருக்கிறோமே, அதேதான்.

சைக்கிளுக்கு வருவோம். கப் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மரைக்கும் மரைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி உண்டு. பாரத்தைத் தாங்கும் குண்டுகள் அச்சு சுற்றும் திசையிலேயே கப்புக்குள் வலம் வருகின்றன. குண்டு போகும் இடமெல்லாம் அழுத்தமும் போகிறது. அந்த அழுத்தத்தால் கப் கண்ணுக்குத் தெரியாத அளவில் எதிர்த் திசையில் நகரப் பார்க்கிறது. இது ஆயிரக்கணக்கான சுற்றுகள் சேர்ந்து நடக்கும் வேலை. குண்டுகள் உருள்வதால் உராய்வின் இழுப்பு மிகக் குறைவு. ஆகவே இந்த எதிர் நகர்வுதான் ஜெயிக்கிறது. வலது கப்புக்கு இடது மரை வைத்ததால் அந்த நகர்வு இறுக்கும் பக்கம் போகிறது. இடப்பக்கம் நின்று பார்த்தால் எல்லாம் தலைகீழ்; அதனால் அங்கே சாதாரண வலது மரை.

பாய் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவருக்குக் காரணம் தெரியாது, பலன் தெரியும். எனக்கு இரண்டுமே தெரியாது. பெடலில் மட்டும் இது மாறி வரும்: வலது பெடலுக்கு வலது மரை, இடது பெடலுக்கு இடது மரை. அங்கே அச்சு கிராங்க்குக்கு உள்ளே இருப்பதால், கிராங்க்கிலிருந்து பார்த்தால் சுமை எதிர்த் திசையில் சுற்றுகிறது. இதையும் பென்சிலை வைத்து யோசித்துப் பாருங்கள். வைவாவில் கேட்டால் உதவும்.

மாற்றும் முறை

இனி நீங்களே செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன். காட்டர் பின் வைத்த சாதா சைக்கிளுக்கு இது பொருந்தும்.

1. முதலில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய வேட்டியை விரியுங்கள். செயின் கவரையும் செயினையும் கழற்றுங்கள்.

2. காட்டர் பின்னின் நட்டை முழுவதும் எடுக்காதீர்கள். நட்டின் மேல்பக்கமும் பின்னின் நுனியும் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். மரை பிழைக்கும். கிராங்க்கின் அடியில் தரை வரை எட்டும் ஒரு இரும்புக் குழாயை அண்டை கொடுங்கள். பின்னின் தலை அந்தக் குழாய்க்குள் இறங்கும்படி இருக்க வேண்டும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே அடி, நேராக. சின்னச் சுத்தியலால் இருபது அடி அடிப்பதைவிட இது மேல். அடி தரைக்குப் போகும், கப்புக்குப் போகாது.

3. இடப்பக்கம் லாக் ரிங், பிறகு கப். இரண்டும் சாதாரண மரை. கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கழலும். அச்சை எடுத்து, குண்டுகளைக் கிண்ணத்தில் போட்டு எண்ணுங்கள்.

4. வலது கப்பில் குழி இருந்தால் மட்டும் கழற்றுங்கள். கடிகார முள் திசையில் திருப்ப வேண்டும். இதை ஒரு சாக்பீஸால் சட்டத்திலேயே அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

5. கடைக்குப் போகும்போது பழைய அச்சையும் இரண்டு கப்பையும் கையில் எடுத்துப் போங்கள். நீளம் ஒரு நூல் மாறினாலும் செயின் நேராக ஓடாது. குண்டு கால் அங்குலம் (6.35 மி.மீ.), பக்கத்துக்கு 11, ஆக 22. பழைய குண்டில் பாதி, புதுக் குண்டில் பாதி என்று கலக்காதீர்கள். தேய்ந்தது சின்னது, புதியது பெரியது. பாரம் முழுவதும் பெரிய குண்டு மேல் விழுந்து அது உடையும்.

6. ஓட்டையின் உள்பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக் காய வையுங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வலது கப்பைக் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பி மாட்டுங்கள். முதல் இரண்டு சுற்று கையாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் கப் கோணலாக ஏறுகிறது. கழற்றி மறுபடி வையுங்கள். நேராக ஏறியபின் ஸ்பானர் போட்டு முழுதாக இறுக்குங்கள்.

7. கப்பில் கிரீஸை அப்பி, குண்டுகளை அதில் பதித்து வையுங்கள். 11 வைத்தபின் கொஞ்சம் இடைவெளி இருக்கும். அது இருக்க வேண்டும். அச்சில் நீளமான முனை செயின் பக்கம் வரும்படி பார்த்து உள்ளே விடுங்கள்.

8. இடது கப்பை மாட்டி, ஆட்டம் போகும்வரை மெதுவாகத் திருகுங்கள். அங்குலத்துக்கு 24 மரை என்பதால் ஒரு முழுச் சுற்றுக்குக் கப் சுமார் 1.06 மி.மீ. நகரும். கடிகாரத்தில் ஒரு மணி நேர அளவு திருப்பினால் 0.09 மி.மீ. இந்த நுணுக்கத்தில்தான் வேலை இருக்கிறது. அச்சை விரலால் சுற்றினால் வழுவழுப்பாகச் சுற்ற வேண்டும். ஆட்டினால் ஆடக் கூடாது. கப்பை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டே லாக் ரிங்கை இறுக்குங்கள். இறுக்கியபின் அளவு மாறியிருக்கும், மறுபடி பாருங்கள். எனக்கு ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது.

9. காட்டர் பின் இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் போட வேண்டும். சரிபார்க்க ஒரு வழி: வலது கிராங்க் முன்னால் நீட்டியிருக்கும்போது அதன் நட்டு மேலே இருந்தால், இடது கிராங்க் முன்னால் வரும்போதும் அதன் நட்டு மேலே இருக்க வேண்டும். மாறிப் போட்டால் இரண்டு கிராங்க்கும் ஒரே நேர்கோட்டில் வராது. பின் உள்ளே போகவில்லை என்றால் தட்டைப் பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுங்கள். அண்டை கொடுத்து அடித்து இறக்கியபின் நட்டைப் போடுங்கள். நட்டால் மட்டும் இழுத்து இறக்கப் பார்த்தால் மரை போய்விடும்.

10. ஒரு நாள் ஓட்டியபின் காட்டர் பின்னை மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்குங்கள். புதுப் பின் கொஞ்சம் படியும். இதை விட்டுவிட்டால் பழைய 'கடக்' திரும்பி வந்துவிடும்.

வேறு வண்டிகளில்

இந்த மரையின் அளவு 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. ஆங்கில அளவு என்றும், பி.எஸ்.ஏ. மரை என்றும் சொல்வார்கள். பி.எஸ்.ஏ. என்பது 1861இல் துப்பாக்கி செய்வதற்காக இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி. பிறகு சைக்கிள் பாகங்களுக்குப் பெயர் வாங்கியது. நம் நண்பர்கள் சிலர் வைத்திருக்கும் கியர் சைக்கிளில் காட்டர் பின் இருக்காது. சதுர முனை அச்சும், குண்டு, அச்சு, கப் எல்லாம் ஒன்றாக மூடி வைத்த கார்ட்ரிட்ஜும் இருக்கும். அதைக் கழற்ற சுத்தியல் கூடாது. கிராங்க் புல்லரும் பல் வைத்த சாக்கெட்டும் வேண்டும். ஆனால் அங்கேயும் ஆங்கில அளவு என்றால் வலப்பக்கம் இடது மரைதான். இத்தாலிய அளவில் (36 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை) இரண்டு பக்கமும் வலது மரை. அந்த வண்டிகளில் வலது கப் தானாகத் தளரும் என்ற குறை உண்டு. மிக இறுக்கமாகப் போடுவார்கள். பென்சில் சொன்ன பாடத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முடிக்கும் முன்

1903 டிசம்பர் 17ஆம் தேதி முதன்முதலாக எஞ்சின் வைத்த விமானத்தில் பறந்து காட்டிய ரைட் சகோதரர்கள், சைக்கிள் கடை நடத்தியவர்கள். அந்த விமானத்தின் இரண்டு ப்ரொப்பல்லருக்கும் எஞ்சினிலிருந்து சக்தி போனது செயின் வழியாகத்தான். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டு வடிவத்தில் குறுக்காக மாட்டினார்கள். எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று அவர்கள் முதலிலேயே யோசித்திருக்கிறார்கள்.

நான் யோசிக்கவில்லை. கழலவில்லை என்றதும் 'இன்னும் பலம் வேண்டும்' என்றுதான் நினைத்தேனே தவிர, 'திசை சரியா?' என்று ஒரு நொடி கேட்கவில்லை. தப்பான திசையில் போட்ட பலம் ஒவ்வொன்றும் கப்பை இறுக்கியது. இது சைக்கிளுக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அரியர் பேப்பரை நாலாவது தடவையும் அதே மாதிரி மனப்பாடம் செய்து எழுதுகிற நண்பர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். நானும் அதில் ஒருவன்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் வருகிறோம். ஸ்டாண்டில் ஒரு பெட்டி வைப்போம். அதில் ஒரு கப் ஸ்பானர், ஒரு கனச் சுத்தியல், ஒரு அண்டைக் குழாய், ஒரு டப்பா கிரீஸ். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் உட்கார நான் தயார். பாயிடமும் கேட்டேன். "வர்றேன் தம்பி. ஆனா உங்க வாத்தியார் அந்தப் பென்சில் வித்தையை எனக்கும் காட்டணும்" என்றார்.

போன மாதம் அப்பாவின் வண்டியை நானே மறுபடி பிரித்து, கிரீஸ் மாற்றி மாட்டினேன். ஞாயிறு காலை பத்துக்குத் தொடங்கி பன்னிரண்டுக்கு முடிந்தது. அப்பா கிராங்க்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் இல்லை.

"கேனை எடுத்து வையி" என்றார்.